லைசோசோம்: நீரிழிவிலும் தங்கவயல் நோயிலும்

லைசோசோம் என்பது செல்லுக்குள் இருக்கும் செரிமானப் பை. தேய்ந்த உறுப்புகள், பழுதான புரதங்கள், வெளியிலிருந்து விழுங்கிய துகள்கள் ஆகியவை இதில் சிதைந்து மீண்டும் மூலப்பொருளாகின்றன. செல் தன் உறுப்புகளையே இப்படிச் செரித்துக்கொள்வது தன்னுண்ணல் எனப்படும்.

லைசோசோம் கண்டறியப்பட்டது இன்சுலின் ஆய்வின் வழியே. பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் டி டுவ், கல்லீரலில் இன்சுலின் செயல்படும் விதத்தை ஆராய்ந்துவந்தார். அரைத்த எலிக் கல்லீரலில் ஒரு நொதி முதலில் அடங்கிக் கிடந்தது. சில நாள் குளிரில் வைத்தபின் வீரியம் கூடியது. அது சவ்வுப் பைக்குள் அடைபட்டிருந்ததே காரணம். அந்தப் பைக்கு 1955-இலும், தன்னுண்ணலுக்கு 1963-இலும் பெயர் சூட்டியவர் அவரே.

அந்தப் பை கிழிந்தால் நேர்வதைக் கோலார் தங்கவயல் தன் உடம்பால் அறிந்தது. ஜான் டெய்லர் நிறுவனம் 1880-இல் கால்பதித்த இச்சுரங்கங்களில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர். அவர்களில் மிகப் பலர் தலித்துகள். தங்கம் குவார்ட்ஸ் பாறையில் கிடந்தது. துளையிட்டு வெடிவைக்கும்போது எழுந்த சிலிகாத் தூசி நுரையீரலின் நுண்ணறைகள்வரை சென்றது. இத்தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிகோசிஸ் இந்தியாவில் முதலில் பதிவானது 1947-இல் இங்கேதான் என்கின்றன மருத்துவப் பாடநூல்கள். தங்கவயலின் தங்கக் கணக்கைச் சொல்பவர்கள் இந்த நுரையீரல்களின் கணக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நோயின் இயக்கத்தை 1966-இல் ஆந்தனி ஆலிசன் குழு விளக்கியது. சிலிகாத் துகளை விழுங்கிய நுரையீரல் காவல் செல்லின் லைசோசோம் கிழிகிறது. நொதிகள் கசிந்து செல் சாகிறது. வெளிவரும் துகளை அடுத்த செல் விழுங்குகிறது. சுரங்க வேலையை விட்ட பின்னும் நோய் முற்றுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தங்கவயல் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன.

கிழிந்த லைசோசோம் 'என்எல்ஆர்பி3' என்ற அபாய உணர்வியைத் தூண்டி அழற்சியைக் கிளப்புவது 2008-இல் தெரியவந்தது. இரண்டாம் வகை நீரிழிவில் கணையத்தில் படியும் அமிலின் புரதமும் அதே உணர்வியைத் தூண்டுவது 2010-இல் வெளியானது. இவற்றுக்கு முன்பே யோஷினோரி ஓசுமி ஈஸ்ட்டில் தன்னுண்ணலுக்கான மரபணுக்களைக் கண்டறிந்திருந்தார். அதற்கு 2016-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவற்றுள் ஒன்றான ஏடிஜி7-இன் எலி வடிவத்தை, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களில் 2008-இல் நீக்கியபோது, செல்கள் குறைந்து இன்சுலின் சுரப்பு தளர்ந்தது. மனித அமிலின் சுரக்கும் எலிகளில் தன்னுண்ணலை முடக்கியபோது நீரிழிவே வந்துவிட்டது.

அமிலின் புரதம் என்பதால் தன்னுண்ணல் அதை ஓரளவு அப்புறப்படுத்த முடிகிறது. தன்னுண்ணலை ஊக்கும் மருந்துகளைத் தேடும் ஆய்வுகள் நடக்கின்றன. சிலிகாவையோ லைசோசோமின் எந்த நொதியும் கரைப்பதில்லை. சிலிகோசிஸைக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை.