மறைத்த கடனும் சொன்ன கடனும்

‘கடன்’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள்கள் உண்டு. திருப்பித் தரவேண்டிய பணமும் கடன். செய்தே தீரவேண்டிய கடமையும் கடன். வாங்கியதைத் திருப்பித் தருதலே கடமை என்னும் உயர்ந்த கருத்து இந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கின்றது. ஆனால் இக்கருத்து ஒரு துன்பத்தையும் உடன் அழைத்து வருகின்றது. பணத்தைத் தர இயலாதவன் கடமை தவறியவனாகவே கருதப்படுகின்றான். ஆதலின் அவன் தன் கடனை ஒளிக்கின்றான். மனைவி மக்களிடம் ஒளிக்கின்றான், நண்பரிடம் ஒளிக்கின்றான், தனக்குச் சம்பளம் தரும் மேலதிகாரியிடம் மிகவும் கருத்தாக ஒளிக்கின்றான். நொடித்துப்போன ஒருவரைப் பற்றி நம் ஊரார் பேசும்போதும், ‘மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்’ என்று குரலைத் தாழ்த்தியே சொல்வர்.

இவ்வாறு ஒளிப்பது சரியா, தவறா? இக்கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூறுதல் அரிது. ஆயினும், சென்ற காலத்தில் வாழ்ந்த இரண்டு குடும்பங்களின் கதை நமக்கு வழிகாட்டும். ஒன்று நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸின் குடும்பம். மற்றொன்று அவருக்கு ஒரு தலைமுறை முன்னவரான சர் வால்ட்டர் ஸ்காட்டின் குடும்பம். மாணவர்களாகிய நீங்கள் இவ்விருவரின் கதைகளையும் பாடமாகப் படித்திருக்கலாம். அக்கதைகளை எழுதிய கைகளைக் கடன் எவ்வாறு வருத்தியது என்பதை இங்கே காண்போம்.

முதலில் அக்காலத்து இங்கிலாந்தின் சட்டத்தைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். நொடித்துப்போன வணிகன் தன் உடைமைகளை ஒப்படைத்துவிட்டுக் கடனிலிருந்து விடுபட வழி இருந்தது. அவனுடைய பெயர் அரசாங்க கெஜட்டில் வெளியாகும். தமக்கு வரவேண்டியதைக் கேட்டுப் பெறக் கடன் கொடுத்தவர்கள் வரவேண்டும் என்பதே அந்த விளம்பரத்தின் நோக்கம். வணிகன் அல்லாதவனுக்கோ, 1861 வரையில் இந்த வழி திறக்கவில்லை. குமாஸ்தாவோ, ஆசிரியரோ, சிறு உத்தியோகஸ்தரோ கடனைத் தீர்க்க இயலாதபோது, கடன் கொடுத்தவர் அவரைச் சிறையில் அடைக்கலாம். சிறையில் இருப்பவன் சம்பாதிக்க இயலாது. சம்பாதிக்காதவன் கடனை அடைக்க இயலாது. இந்த முரண்பாட்டை அக்காலத்தவர் நெடுங்காலம் பொறுத்துக்கொண்டிருந்தனர்.

சார்லஸின் தந்தை ஜான் டிக்கன்ஸ் கடற்படைச் சம்பள அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். இனிமையாகப் பேசுபவர், தாராளமாகச் செலவு செய்பவர், வரவுக்கு மேல் வாழ்ந்தவர். ரொட்டிக் கடைக்காரர் ஒருவருக்குத் தரவேண்டிய 40 பவுன் சொச்சத்துக்காக, 1824 பிப்ரவரியில் அவர் கைது செய்யப்பட்டார். லண்டனில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் இருந்த மார்ஷல்ஸீ சிறையில் அடைக்கப்பட்டார். கடன் தீர்க்க இயலாதவர் என்ற பெயர் வந்துவிட்டால் அரசாங்க உத்தியோகம் நிலைக்காது. ஆதலின், சிறையில் இருந்த அந்த மார்ச் மாதத்திலேயே, உடல்நலக் குறைவைக் காரணமாகக் காட்டி, ஓய்வூதியம் வேண்டி அலுவலகத்துக்கு விண்ணப்பம் அனுப்பினார். உடல்நலக் குறைவு இருந்தது உண்மையே ஆகலாம். ஆயினும் அந்த விண்ணப்பம் எழுந்த வேளை, அதன் உண்மையான காரணத்தை நமக்குக் காட்டிவிடுகின்றது. 1825-இல் அவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 145 பவுன் ஓய்வூதியம் கிடைத்தது.

தந்தை ஒளித்தார், மகனும் ஒளிக்கக் கற்றுக்கொண்டான். சார்லஸுக்கு அப்போது வயது 12. பூட்ஸுகளுக்குப் பூசும் கரிய மெருகைச் செய்யும் பண்டகசாலை ஒன்றில் அவனை வேலைக்கு வைத்தார்கள். மெருகுச் சாடிகளைத் தாளால் மூடி, நூலால் கட்டி, அவற்றின்மேல் பெயர்ச்சீட்டு ஒட்டுவது அவன் வேலை. கூலி வாரத்துக்கு 6 ஷில்லிங். 20 ஷில்லிங் கொண்டது ஒரு பவுன். தாயும் தம்பி தங்கையரும் தந்தையுடன் சிறைக்குள்ளேயே வசிக்க, சிறுவன் மட்டும் வெளியே தனியறையில் தங்கினான்.

ஒருநாள் வேலை செய்யும்போது அவனுக்குக் கடுமையான வலி கண்டது. உடன் வேலை செய்த பாப் ஃபேகின் என்னும் பையன் நல்ல மனம் படைத்தவன். அவன் அன்று முழுவதும் சார்லஸைக் கவனித்துக்கொண்டு, மாலையில் வீடு வரையில் துணை வருவேன் என்று பிடிவாதமாகக் கூட வந்தான். சிறையைப் பற்றி அவன் அறிந்துவிடக் கூடாதே என்று சார்லஸுக்கு அச்சம். ஸதர்க் பாலத்தின் அருகில், முன்பின் அறியாத ஒரு வீட்டின் படியில் நின்று, இதுவே என் வீடு என்று சொல்லி விடைபெற்றுக்கொண்டான். நண்பன் திரும்பிப் பார்த்தால் என் செய்வது? அதற்காக அந்த வீட்டின் கதவையும் தட்டினான். கதவைத் திறந்த அம்மாளிடம், இது ராபர்ட் ஃபேகின் வீடா என்று கேட்டுச் சமாளித்தான். தனக்கு உதவிய நண்பனின் பெயரையே அந்தப் பொய்க்குத் துணையாகக் கொண்டான். வறுமையைவிட, வறுமையை மறைக்கும் முயற்சியே ஒரு குழந்தையை எவ்வளவு தனிமைப்படுத்துகின்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

1824 மே மாத இறுதியில், கடன் தீர்க்க இயலாதவர்களுக்கான சட்டத்தின்படி தந்தை விடுதலை பெற்றார். விடுதலை பெறுபவர் குடும்பத்தின் உடையும் சொந்தப் பொருள்களும் 20 பவுன் மதிப்புக்கு மேற்படலாகாது என்பது விதி. ஆகவே சிறுவன் சார்லஸும் தான் உடுத்தியிருந்த துணியை மதிப்பிடும் அதிகாரியின் முன் போய் நின்றான். பையில் இருந்த தாத்தாவின் வெள்ளிக் கடிகாரம் உரக்க ஓடி, அவனுக்கு நடுக்கத்தைத் தந்தது.

இவை எல்லாம் நமக்கு எவ்வாறு தெரியும்? சார்லஸ் டிக்கன்ஸ் புகழின் உச்சியை அடைந்த பின்னும் இவற்றை வாய் திறந்து சொல்லவில்லை. 1847-இல் அவருடைய நண்பர் ஜான் பார்ஸ்ட்டர், ‘சிறு வயதில் நீங்கள் ஒரு பண்டகசாலையில் வேலை செய்ததைக் கண்டதாக ஒருவர் சொன்னார்’ என்று தற்செயலாகக் கேட்டுவிட்டார். டிக்கன்ஸ் சில நிமிடங்கள் பேசாதிருந்தார். பின்னர்த் தம் இளமையைப் பற்றித் தாமே எழுதிய சில பக்கங்களை அவரிடம் ஒப்படைத்தார். அதுகாறும் வேறு எவரிடமும், தம் மனைவியிடமும்கூட, அதைச் சொன்னதில்லை என்று அப்பக்கங்களில் குறித்திருக்கின்றார்.

1869-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸின்போது குடும்பத்தார் கூடி நினைவாற்றல் விளையாட்டு ஒன்றை ஆடினர். முன்னவர் சொன்ன சொற்களை எல்லாம் ஒப்பித்து, ஒவ்வொருவரும் புதிதாக ஒரு சொல்லைச் சேர்க்கவேண்டும். டிக்கன்ஸின் முறை வந்தபோது, ‘வாரன்ஸ் மெருகு, 30, ஸ்ட்ராண்டு’ என்றார். அவருடைய கண்ணில் ஏதோ ஓர் ஒளி தோன்றியதாம். அதன் பொருள் அங்கிருந்த மகன் ஹென்றிக்கு விளங்கவில்லை. அது தந்தை சிறுவனாக வேலை செய்த மெருகின் பெயர் என்பதை, 1870 ஜூனில் அவர் மறைந்த பின், பார்ஸ்ட்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றைப் படித்தே மக்கள் அறிந்தனர். நாற்பத்தைந்து ஆண்டு அடக்கிவைத்த ஒரு முகவரி, விளையாட்டுப் போல வெளிப்பட்டு, கேட்பாரின்றிப் போயிற்று.

தந்தையோ, மறைத்தும் திருந்தவில்லை. 1834-இல் மறுபடியும் கடனுக்காகக் கைதாகி, மகனால் மீட்கப்பட்டார். மகனின் புகழையே ஈடாகக் காட்டிப் பிறரிடம் பணம் கேட்கலானார். முடிவில் 1841-இல், தம் பெயரைச் சொல்லிப் பிறர் வாங்கும் கடனுக்குத் தாம் பொறுப்பல்லர் என்று டிக்கன்ஸ் செய்தித்தாள்களில் அறிவிப்பு வெளியிட நேர்ந்தது. வீட்டுக்குள் ஒளிக்கப்பட்ட கடன், இவ்வாறு நாடறிய அச்சேறியது.

இனி ஸ்காட்டின் கதைக்கு வருவோம். எடின்பரோ நகரில் 1771-இல் பிறந்த அவர் வழக்கறிஞர். 1799 முதல் செல்கர்க் பகுதியின் ஷெரிப். 1806 முதல் உயர் நீதிமன்றத்தின் எழுத்தர்களுள் ஒருவர். இத்தகைய மதிப்புடையவர், 1805 முதல் தம் பள்ளித்தோழர் ஜேம்ஸ் பாலன்டைனின் அச்சகத்தில் மறைமுகமான கூட்டாளியாகவும் இருந்தார். நீதித்துறையைச் சேர்ந்தவர் வாணிகம் செய்வது அக்காலத்தில் கௌரவக் குறைவு. ஆதலின் அந்தக் கூட்டை வெளியிடவில்லை. தம் நூல்களை அந்த அச்சகத்திலேயே அச்சிடவேண்டும் என்று பதிப்பாளரிடம் நிபந்தனை விதிப்பார். அதன் இலாபத்தில் அவருக்கும் பங்குண்டு என்பது வெளியில் தெரியாது. 1814-இல் தொடங்கிய வேவர்லி நாவல்களையும் பெயரின்றியே வெளியிட்டார். ஆக, பெயரும் மறைவு, தொழிலும் மறைவு.

நாவல்கள் பெரும்பணம் ஈட்டின. டுவீடு ஆற்றங்கரையில் அபட்ஸ்போர்டு என்னும் மாளிகை எழுந்தது; அக்கம்பக்கத்து நிலங்கள் சேர்ந்தன. இவற்றுக்கு வேண்டிய பணத்தில் பெரும்பகுதி, இனி எழுதப்போகும் நூல்களை நம்பி வாங்கியது. அச்சகமும், பதிப்பாளர் கான்ஸ்டபிளின் நிறுவனமும், ஒருவருக்கு மற்றவர் பொறுப்பேற்று உண்டியல்கள் எழுதிக்கொடுத்து, அவற்றை வங்கிகளில் மாற்றிவந்தனர். தவணை வந்தால், பழைய உண்டியலை அடைக்கப் புதிய உண்டியல். ஒருவரை ஒருவர் தாங்கி நின்ற இரண்டு சுவர்கள் போன்றது அந்த ஏற்பாடு. இதை எச்சரிக்க யாரும் இல்லையோ என்று கேட்கலாம். கூட்டே இல்லையென்று உலகம் எண்ணியிருந்தபோது, அந்தக் கூட்டின் கணக்கை யார் கேட்பது? மறைவின் முதல் தீங்கு இதுவே. அது நம்மைப் பழிக்கும் வாயை அடைப்பதோடு, நமக்கு நல்லது சொல்லும் வாயையும் அடைத்துவிடுகின்றது.

1825-இன் இறுதியில் லண்டன் பணச்சந்தையில் பெரும் நெருக்கடி ஏற்பட்டது. 1826 ஜனவரியில் கான்ஸ்டபிளோடு தொடர்புடைய லண்டன் நிறுவனம் சாய்ந்தது, கான்ஸ்டபிளும் சாய்ந்தார், அச்சகமும் சாய்ந்தது. கூட்டாளி என்ற முறையில், ஏறத்தாழ 1,20,000 பவுன் பொறுப்பு ஸ்காட்டின் தலையில் விழுந்தது. இருபது ஆண்டு காத்த இரகசியம் சில நாட்களில் ஊர்ப்பேச்சு ஆயிற்று. சில நாட்கள் கழித்து அவர் நீதிமன்றத்துக்குச் சென்றபோது, எல்லாரும் தம்மையும் தம் இழப்பையுமே எண்ணுவதாகத் தமக்குத் தோன்றியதென நாட்குறிப்பில் எழுதிவைத்தார். எனினும் அவர் சென்றார். அதுவே முக்கியம். வேலையும் பறிபோகவில்லை, 1830 வரையில் அதே பதவியில் இருந்தார்.

உடைமைகளை ஒப்படைத்துவிட்டு விடுபடும் சட்டவழி அவருக்கு இருந்தது. அதை வேண்டாமென்றார். தம் சொத்தையும், இனி எழுதுபவற்றின் வருவாயையும் கடன் கொடுத்தவர்களின் பொறுப்பாளர்களிடம் ஒப்படைத்தார். எடின்பரோ வீடு விற்கப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் மனைவி மறைந்தார். 1827 பிப்ரவரியில் ஒரு விருந்தில், வேவர்லி நாவல்களை எழுதியவர் தாமே என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். மறைப்பதற்கு இனி ஒன்றும் இல்லை. எழுதுவதற்கே நிறைய இருந்தது. நெப்போலியன் வரலாறு 9 தொகுதிகளாக வந்து, 18,000 பவுன் ஈட்டியது. 1827-இன் இறுதியில் கடன் கொடுத்தவர்கள் பவுனுக்கு 6 ஷில்லிங் வீதம் பெற்றனர். 1830-இல் அவர்கள் மகிழ்ந்து, அவருடைய நூலகத்தையும் வீட்டுப் பொருள்களையும் அவருக்கே திருப்பி அளித்தனர். அந்த உழைப்பு அவருடைய உடலை முறித்துவிட்டது; 1832 செப்டம்பரில் காலமானார். எஞ்சிய கடனை ஆயுள் காப்பீட்டுத் தொகையும் நூல்களின் பதிப்புரிமையும் பின்னர் அடைத்தன.

ஸ்காட் நல்லவர், ஜான் டிக்கன்ஸ் தீயவர் என்று தீர்ப்புச் சொல்வதற்காக இவற்றைக் கூறவில்லை. ஸ்காட்டுக்குப் பதவி இருந்தது; பேனா இருந்தது; பொறுத்திருக்க இசைந்த கடன்காரர்கள் இருந்தனர். உண்மை வெளிப்பட்ட பின்னும் அவர் மேசைமுன் அமர்ந்து எழுதலாம். ஏழைக் குமாஸ்தாவுக்கோ, உண்மையின் மறுபெயர் சிறை. உண்மை சொன்னவனைத் தண்டிக்கும் சட்டம், பொய்யைத்தான் வளர்க்கும். இங்கிலாந்து இதை மெல்ல உணர்ந்து, 1869-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கடனுக்காகச் சிறையிடும் வழக்கத்தைப் பெரும்பாலும் நீக்கியது. நம் நாட்டிலும் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய தலைநகரங்களுக்கு 1909-இலும், பிற ஊர்களுக்கு 1920-இலும் நொடிப்புச் சட்டங்கள் செய்யப்பட்டன. நீதிமன்ற ஆணை கெஜட்டில் வெளியாகவேண்டும் என்று அவையும் விதித்தன. அது கடன் கொடுத்தவர் அறிவதற்கே ஒழிய, தெருவார் நகைப்பதற்கன்று.

மாணவ நண்பர்களே, இதிலிருந்து ஒரு வேறுபாட்டைத் தெளிவாக உணரலாம். ஒருவருடைய துன்பம் அவருக்கே உரியது. அதை ஊராருக்கு உரைக்கவேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை. ஆனால் கணக்கு அத்தகையதன்று. அந்தக் கடனின் சுமை நாளை யார் தோளில் விழுமோ, அவர்களிடம் கணக்கை மறைக்க நமக்கு உரிமை இல்லை. மனைவி, மக்கள், கூட்டாளி, ஈடு நின்ற நண்பர் ஆகிய இவர்கள் அறிந்தே ஆகவேண்டியவர்கள். பக்கத்து வீட்டுக்காரர் அறியவேண்டியவர் அல்லர்.

கேட்பவருக்கும் ஒரு கடமை உண்டு. நாளை உங்கள் நண்பன் ஒருவன் தன் வீட்டின் நொடிப்பை உங்களிடம் சொல்லலாம். அவன் சொல்லியதை வேறு செவிக்குக் கொண்டுசெல்லாதிருங்கள். அவன் எவர் வீட்டுக் கதவையும் பொய்யாகத் தட்டவேண்டிய நிலை வராமல் காத்தவர்களாவீர்கள். அதுவும் ஒரு கடனே. செலுத்துவதற்குப் பணம் வேண்டாத கடன்.