உறுப்பு தானமும் மார்க்க அறிஞர்களும்: ஒரு வரலாற்றுப் பார்வை



நம் பரவையை ஒட்டிய திண்டுக்கல் சாலையில் விபத்தில் சிக்கியவர் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் கிடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூளைச்சாவு என்று மருத்துவர்கள் அறிவித்தால், உறுப்புகளைத் தருவதா என்பதைக் குடும்பத்தார் சில மணி நேரத்தில் முடிவு செய்தாக வேண்டும். மார்க்கம் என்ன சொல்கிறது என்று நாம் கேட்கத் தொடங்குவதே அப்போதுதான். அறிஞர்களோ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இதை ஆராயத் தொடங்கிவிட்டனர்.

1982இல் சவூதி மூத்த அறிஞர்கள் அவை உறுப்பு தானத்தை அனுமதித்தது. 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, மூளையின் இயக்கம் மீளாவண்ணம் நின்றுவிட்டதென வல்லுநர்கள் உறுதி செய்தால் அதுவும் மரணமே என்றது. 1988இல் ஜித்தாவில், முன்சம்மதமோ வாரிசுகளின் இசைவோ இருந்தால் உயிர்காக்க உறுப்பு எடுக்கலாம், விற்பது கூடாது என்று தீர்மானித்தது. 1989இல் இந்திய ஃபிக்ஹ் அகாடமி, உறவினருக்கு ஒரு சிறுநீரகம் தருவதை ஏற்றது. மவ்த்துக்குப் பின் உறுப்பைத் தரச் சொல்லும் வஸிய்யத்தை ஏற்கவில்லை. உடல் அல்லாஹ்வின் அமானத், மய்யித்தின் கண்ணியம் காக்கப்பட வேண்டும் என்பது ஏற்காதோரின் வாதம். ஓர் உயிரைக் காப்பதன் மேன்மை ஏற்போரின் வாதம்.

அக்காலத்தில் சென்னை வில்லிவாக்கத்தைக் ‘கிட்னிவாக்கம்’ என்று அழைக்கும் அளவுக்கு ஏழைகள் சிறுநீரகத்தை விற்றனர். 1994ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வணிகத்தைக் குற்றமாக்கியது. உயிரோடு தருபவர் 18 வயது நிரம்பிய நெருங்கிய உறவினராக இருக்க வேண்டும். பிறர் தருவதற்கு அனுமதிக் குழுவின் ஒப்புதல் தேவை. மூளைச்சாவை நான்கு மருத்துவர்கள், ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து உறுதி செய்கின்றனர். அதன்பின் குடும்பத்தார் எழுதித் தரும் சம்மதத்தின் பேரிலேயே உறுப்புகள் எடுக்கப்படுகின்றன.

2008இல் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர் தம் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தந்தது தமிழகத்தையே உலுக்கியது. 2023 முதல் இத்தகைய கொடையாளருக்கு அரசு மரியாதை செய்யப்படுகிறது.

ஜனாஸாவின் நிலை என்னவாகும் என்பது நம் வீடுகளின் கவலை. உறுப்புகளை எடுத்தபின் உடலைத் தைத்தே ஒப்படைக்கின்றனர். குளிப்பாட்டவும் கஃபனிடவும் தடையில்லை.

எந்தக் கருத்தை ஏற்றாலும், உங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்து, விருப்பத்தை இன்றே வீட்டாரிடம் சொல்லி வையுங்கள். மருத்துவமனை வாசலில் அழுதுகொண்டு நிற்பவர்கள் மீது அந்தச் சுமையை ஏற்ற வேண்டாம்.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.