ஓசி மெடலா, ஓடி வாங்கின மெடலா?

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கோங்க.

அப்பா ரிட்டையர் ஆனதும் நெய்வேலி குவார்ட்டர்ஸைக் காலி பண்ணோம். பரண்ல இருந்த ஒரு பெட்டியில பழைய வெண்கல மெடல் ஒண்ணு கிடைச்சுது. பள்ளி நாள்ல பாரதி ஸ்டேடியத்துல நடந்த தொடர் ஓட்டத்துல எங்க அணி மூணாவது வந்ததுக்குக் கொடுத்தது. நாங்க பறந்தெல்லாம் ஓடலைங்க. பக்கத்து லேன் பையன் பேட்டனைக் கீழ விட்டுட்டான், அவ்ளோதான். சாயங்காலமே வட்டத்துப் பசங்க அதுக்கு 'ஓசி மெடல்'னு பேர் வெச்சுட்டாங்க. அடுத்த வருஷம் நான் மைதானத்துப் பக்கமே போகலை. படிப்புதான் காரணம்னு வீட்டுல சொன்னேன். நிஜக் காரணம் அந்த ரெண்டு வார்த்தை.

இதே மாதிரி பேச்சு ஒரு இந்திய அணியைப் பத்தியும் வந்தது. அவங்க என்ன பண்ணாங்கங்கறதுதான் இந்தப் பதிவு.

2021 ஆகஸ்ட் 18, கென்யாவின் நைரோபி. 20 வயசுக்கு உட்பட்டோர் உலகத் தடகளப் போட்டி. ரெண்டு ஆண், ரெண்டு பெண் சேர்ந்து ஓடும் 4x400 கலப்புத் தொடர் ஓட்டம் அந்தப் போட்டியில அறிமுகமானது அப்பதான். காலையில தகுதிச் சுற்றுல நம்ம அணி 3 நிமிடம் 23.36 விநாடி. கேரளாவின் அப்துல் ரசாக் அதுல ஓடினார். இறுதிப் போட்டியில அவருக்குப் பதிலா நம்ம தமிழ்நாட்டுப் பையன் பரத் ஸ்ரீதர். கூட கர்நாடகாவின் பிரியா மோகன், ஹரியானாவின் சம்மி, கபில். பிரியாவும் சம்மியும் அதே நாள்ல தனிநபர் 400 மீட்டரும் ஓடிட்டுத்தான் வந்து நின்னாங்க. நைஜீரியா 3:19.70, போலந்து 3:19.80, இந்தியா 3:20.60. வெண்கலம்! இந்த உலகப் போட்டியில தொடர் ஓட்டத்துல இந்தியா வாங்கின முதல் மெடல்.

பாராட்டு ஒரு பக்கம், "அமெரிக்காவே வரலையே"ங்கற பேச்சு இன்னொரு பக்கம். அதுலயும் உண்மை இருக்கு. கொரோனா காரணமா அமெரிக்கா அணியே அனுப்பலை. இன்னொரு விஷயம், அப்போ யார் எந்த இடத்துல ஓடணும்னு கட்டாயம் கிடையாது. ஆண், பெண், பெண், ஆண்னு நம்மாளுங்க ஓடினாங்க. கடைசிச் சுற்றுக்குக் கபில். சில அணிகள் முதல்ல ஆண்களை விட்டு முன்னாடி போயிடும். 2019 தோஹா உலகப் போட்டியில போலந்து அப்படித்தான் பண்ணிப் பார்த்தது, கடைசியில துரத்திப் பிடிச்சுட்டாங்க. இந்தக் கணக்கு விளையாட்டுக்கெல்லாம் 2022ல முற்றுப்புள்ளி வெச்சுட்டாங்க. ஆண், பெண், ஆண், பெண், இதுதான் வரிசைன்னு விதி வந்துடுச்சு.

ஆக 2022 ஆகஸ்ட்ல கொலம்பியாவின் கலி நகரத்துக்குப் போனப்ப, சாக்கு சொல்ல எதுவுமே மிச்சமில்லை. அமெரிக்கா வந்தாச்சு, ஜமைக்காவும் இருக்கு, விதியும் எல்லாருக்கும் ஒண்ணு. பரத், பிரியா, கபில், கடைசியா மீரட் பொண்ணு ரூபல் சவுத்ரி. நாலுல மூணு பேர் நைரோபி ஆளுங்கதான்.

தகுதிச் சுற்றுல 3:19.62. இறுதியில அமெரிக்கா 3:17.69, இந்தியா 3:17.76. வெள்ளி! ஆசிய ஜூனியர் சாதனையும் சேர்த்து. ஜமைக்கா 3:19.98ல மூணாவது.

வித்தியாசம் 0.07 விநாடி. பொட்டி தட்டுறவன் புத்தி சும்மா இருக்குமா? கால்குலேட்டரை எடுத்தேன். 1600 மீட்டர் ஓடி முடிச்சப்ப ரெண்டு அணிக்கும் நடுவுல சுமார் அரை மீட்டர். ஒரு எட்டுக்கும் குறைவு!

இன்னொரு கணக்கும் பாருங்க. 2021 டோக்கியோ ஒலிம்பிக்ல இதே ஓட்டத்துல நம்ம பெரியவங்க அணி எடுத்தது 3:19.93. முகமது அனஸ், ரேவதி வீரமணி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ்னு நாலு பேர்ல மூணு பேர் தமிழ்நாடு. பாடுபட்டு வந்தவங்க, அவங்களைக் குறை சொல்லலை. ஆனா ஒரே வருஷத்துல இந்தச் சின்னப் பசங்க அதைவிட ரெண்டு விநாடிக்கு மேல வேகமா ஓடியிருக்காங்க.

ஓசியில கிடைச்ச மெடலா இருந்தா, அதே ஆளுங்க அடுத்த வருஷமே கிட்டத்தட்ட மூணு விநாடி குறைச்சு ஓட முடியுமா? யார் வந்தாங்க, யார் வரலைங்கறது ஓடுறவன் கையில இல்லை. திரும்பப் போய் நிக்கறது மட்டும்தான் அவன் கையில இருக்கு. நைரோபி காலையில ஓடின அப்துல் ரசாக்கையும் மறந்துடாதீங்க மக்கா. அந்தக் காலை ஓட்டம் இல்லைன்னா இறுதிப் போட்டியே இல்லை.

என் மெடல் ஓசியா இல்லையான்னு எனக்கு இனிமே தெரியப் போறதில்லை. அடுத்த வருஷம் போயிருந்தா தெரிஞ்சிருக்கும். இருந்தாலும் துடைச்சு, மேஜை மேல வெச்சிருக்கேன் :-)