ஓர் உடலில் தாளக்காரரும் தவில்காரரும்: புரோக்ரெசிவ் மெட்டல் டிரம்ஸைக் கேட்கும் முறை பற்றி

கம்பம் பள்ளத்தாக்கில், சண்முகாநதி அணைக்குப் போகும் வழியில், மேகமலை அடிவாரத்தில், திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே இருக்கிறது ராயப்பன்பட்டி. அங்கே திருவிழா இரவில் சப்பரம் தெருவுக்கு வரும்போது முன்னால் பேண்டு செட்டு போகும். கூட்டத்தின் கண் சப்பரத்தில் இருக்கும். நான் பேண்டுக்காரர்களில் மூன்று பேரைத்தான் பார்த்துக்கொண்டு நடப்பேன். ஒருவர் பேஸ் டிரம்மை வயிற்றோடு சேர்த்துக் கட்டியிருப்பார். இன்னொருவர் இடுப்போரம் தொங்கும் சைடு டிரம்மில் இரண்டு குச்சிகளால் பொடி அடிகளை உதிர்ப்பார். மூன்றாமவர் கையில் பித்தளைத் தட்டுகள். தெருமுனையில் சப்பரம் திரும்பத் தாமதமானால் பேஸ் டிரம்காரர் நடையைச் சற்று இழுத்துப் பிடிப்பார். தட்டுக்காரர் அவர் முழங்கையைப் பார்த்துக் கையை நிறுத்துவார். சைடு டிரம்காரர் மட்டும் அந்த இடைவெளியை ஓர் உருட்டால் நிரப்பிவிடுவார்.

இன்று உலகம் முழுவதும் புழங்கும் டிரம்ஸ் செட், இந்த மூவரையும் ஒரே நாற்காலியில் உட்கார வைத்ததன் விளைவு. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் போன்ற ஊர்களில் தெருவில் போன பேண்டு வாத்தியம் நடன அரங்குகளுக்குள் நுழைந்தபோது மூன்று ஆட்களுக்குச் சம்பளமும் இல்லை, இடமும் இல்லை. 1909-இல் வில்லியம் லுட்விக் பேஸ் டிரம்முக்கான கால் பெடலுக்குக் காப்புரிமை பெற்றார். பேஸ் டிரம் காலுக்குப் போனது, கைகள் விடுபட்டன. பின்னால் லூயி பெல்சன் இரண்டு பேஸ் டிரம்களை இரண்டு காலுக்கும் கொடுத்தார். தெருவில் மூவராக நின்றவர்கள் இப்படி ஓர் உடலுக்குள் நான்கு உறுப்புகளானார்கள்.

இந்த வரலாற்றை முதலில் சொல்லக் காரணம் உண்டு. புரோக்ரெசிவ் மெட்டலில் தேர்ந்த டிரம்ஸ் வாசிப்பைப் பாராட்டுபவர்கள் பெரும்பாலும் இரண்டு அளவுகோல்களையே கையில் எடுக்கிறார்கள்: வேகம், தாள மாற்றங்களின் எண்ணிக்கை. இரண்டுமே போதாதவை என்பது என் வாதம். அந்த வாசிப்பின் உயரம், தாளம் போடுபவரும் அந்தத் தாளத்தோடு முட்டி விளையாடும் வாத்தியக்காரரும் ஒரே உடலில் இருந்துகொண்டு ஒருவரை ஒருவர் இழுத்துவிடாமல் காப்பதில் இருக்கிறது. அதைக் கேட்கும் காது கம்பம் பள்ளத்தாக்கில் ஏற்கெனவே பழுத்திருக்கிறது என்பது இதன் தொடர்ச்சி.

நையாண்டி மேளத்தை எடுத்துக்கொள்வோம். நாதஸ்வரம், தவில், பம்பை, உறுமி, தமுக்கு, தாளம் என்று வேலை பலருக்குப் பிரிந்திருக்கிறது. தாளக்காரரின் சதங்கை போன்ற ஒலி ஒரே சீராக ஓடும். அதைக் கயிறாகப் பிடித்துக்கொண்டுதான் தவில்காரர் எதிர்த்திசையில் போவார். அவர் எவ்வளவு தூரம் போனாலும் கயிறு வேறொருவர் கையில் இருக்கிறது. கச்சேரி மேடையிலும் அப்படியே: மிருதங்க வித்வான் தனி ஆவர்த்தனத்தில் எங்கே போனாலும், பாடகரின் கையும் சபையின் கையும் தொடையில் தாளத்தைப் போட்டுக்கொண்டிருக்கும்.

ஸ்வீடனின் மெஷுகா குழு 2008-இல் வெளியிட்ட ‘ஓப்ஜென்’ தொகுப்பில் ‘ப்ளீட்’ என்ற பாடல் இருக்கிறது. டிரம்மர் தோமஸ் ஹாக்கே. ஏழு நிமிடத்துக்கு மேல் நீளும் இந்தப் பாட்டில் பெரும்பகுதி நேரம் கால்களில் ஓடும் அடிப்படை உரு எளிது. மூன்று மாத்திரை, முதல் மாத்திரையில் விரைவாக இரண்டு அடி, அடுத்த இரண்டில் ஒவ்வோர் அடி. நம் கணக்கில் அது ‘தகிட’. முதல் எழுத்து மட்டும் இரண்டாகப் பிளந்திருக்கிறது. கிடார்களும் அதையே ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன. ஆனால் வலக்கை சிம்பலில் நான்கு மாத்திரைக்கு ஒரு தட்டு. இடக்கை நான்கு தட்டுச் சுற்று ஒவ்வொன்றிலும் மூன்றாவது தட்டில் ஸ்நேர் டிரம்மை அறைகிறது. காலில் திஸ்ரம், கையில் சதுஸ்ரம். 12 மாத்திரைக்கு ஒருமுறை கையும் காலும் ஒரே புள்ளியில் விழும். 16 மாத்திரைச் சுற்றின் தொடக்கத்தில் சந்திக்க வேண்டுமென்றால் 48 மாத்திரை காத்திருக்க வேண்டும். இந்த ஒரு பாட்டுக்கு மட்டும், தொகுப்பின் மற்றப் பாடல்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆன அளவு பயிற்சி நேரம் பிடித்ததாக ஹாக்கே சொல்லியிருக்கிறார். கால்களின் வேகத்தை மட்டும் வைத்து இதற்கு விளக்கம் சொல்ல முடியாது. கை தன் பாட்டுக்கு அசையாமல் இருக்க வேண்டும். பாட்டின் கடினம் அங்கேதான்.

கோயில் கொடைக்கு வந்திருந்த ஒரு செட்டின் தவில்காரர், ஆட்டத்துக்கு நடுவே டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் இந்தப் பாட்டைக் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். விரல்களில் தவிலுக்கு மாட்டிய கூடு அப்படியே இருந்தது. கைப்பேசியைக் காதோரம் வைத்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். குரலையும் கிடாரையும் அவர் பொருட்படுத்தவில்லை. பெருவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். பிறகு கேட்டார்: “தம்பி, இவருக்குத் தாளம் யாரு போடுறது?”

“அவரேதாண்ணே. வலது கையில வர்ற சத்தம்தான் தாளம்.”

“அப்ப தவிலு?”

“அது கால்லண்ணே.”

இந்த வாசிப்பைப் பற்றி நான் படித்த எழுத்துகளில் பலவும் தொடாத இடத்தை அவர் கேள்வி தொட்டது. கேட்பவர் முதலில் தேட வேண்டியது தாளக்காரரை. அவரைக் கண்டுபிடித்த பிறகுதான் மீறல் மீறலாகக் கேட்கும். அதுவரை அது வெறும் சிக்கல்.

மெஷுகாவின் தாள அமைப்பை ஜொனாதன் பீஸ்லாக் 2007-இல் ‘மியூசிக் தியரி ஸ்பெக்ட்ரம்’ இதழில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். மேலே நான்கின் சுற்று மாறாமல் ஓட, அடியில் அதோடு பொருந்தாத நீளமுள்ள உரு திரும்பத் திரும்ப வந்து, பெரியதொரு சதுர எல்லையில் சமன்படுவதே அந்த அமைப்பின் சாரம். 2002-இல் வந்த ‘நத்திங்’ தொகுப்பின் ‘ரேஷனல் கேஸ்’ இதற்கு நல்ல உதாரணம். ஹாக்கேயின் கை நான்கு தட்டுச் சுற்றை 16 முறை வாசிக்கிறது. கிடார்கள் வேறு கணக்கில் நகர்ந்து 64-வது தட்டில் வந்து சேர்கின்றன. 64 என்பது ஆதி தாளத்தில் எட்டு ஆவர்த்தனம். அந்த எண்ணைப் பார்த்ததும் நம்மூர்க் காது நிமிர்ந்து உட்காரும்.

இங்கே ஒரு வேறுபாட்டையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒப்புமையின் மகிழ்ச்சியில் அதை விழுங்கிவிடக் கூடாது. ஆதி தாளம், சதுஸ்ர நடை, நான்கு ஆவர்த்தனம்: மொத்தம் 128 மாத்திரை. இதை நிரப்ப ஒரு லயக்காரர் 40 மாத்திரைச் சொல்லை மூன்று முறை வைத்து, இடையில் நான்கு நான்கு மாத்திரையாக இரண்டு கார்வை, அதாவது இடைவெளி, கொடுப்பார். மிச்சம் அழகாகப் பங்கிடப்படுகிறது. மூச்சு விட இடம் இருக்கிறது. மூன்றாவது சொல் முடியும் இடம் வருவதைக் கேட்பவர் முன்கூட்டியே உணர்கிறார். மெட்டலில் அதே 128-ஐ 25 மாத்திரை உரு ஒன்றால் நிரப்பினால் ஐந்து முறை ஓடி 125 ஆகும். மிச்சம் மூன்று மாத்திரை. அங்கே கார்வை கிடையாது. உருவின் முதல் மூன்று மாத்திரையை மட்டும் வாசித்து, அரிவாளால் வெட்டியது போல் நிறுத்திவிட்டு, தலையிலிருந்து மறுபடி தொடங்குவார்கள். லயக்காரரின் அந்தக் கோர்வை நம்மைக் கைபிடித்து வீட்டுவாசல் வரை கொண்டுவந்து விடும். இந்த வெட்டு நம்மை வாசலில் தூக்கிப் போடும். இரண்டும் சமத்துக்கு வருவதுதான். வந்து சேரும் அனுபவம் வேறு. மெட்டலின் கடுமை ஒலிப்பெருக்கத்தில் மட்டும் இல்லாமல் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

அமெரிக்காவின் டூல் குழு வேறு வகை. அதன் டிரம்மர் டேனி கேரி, அலோக் தத்தாவிடம் தபலா பயின்றவர். 2001-இல் வந்த ‘லேட்டரலஸ்’ பாடலின் பல்லவி 9, 8, 7 என்று குறைந்து வருகிறது. பாட்டின் சொற்களில் ஃபிபொனாச்சி எண்கள் ஒளிந்திருப்பதைப் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டார்கள். நம் மரபில் இந்தக் குறைவுக்குப் பெயர் கோபுச்ச யதி: பசுவின் வால் போல அகன்று தொடங்கிக் குறுகி முடிவது. மூன்றையும் கூட்டினால் 24. எட்டின் மடங்கு. கோணலாகத் தெரியும் மூன்று அடிகள் சேர்ந்ததும் சதுரமாகிவிடுகின்றன. கேரி தன் டாம் டிரம்களில் அந்த 24-ஐ ஒரே மூச்சாகக் கேட்க வைக்கிறார். எண் தெரியாதவர் தலையும் அங்கே சரியாக ஆடுகிறது.

எண்ணிக்கையால் அளப்பது ஏன் போதாது என்பது இங்கே விளங்கும். ட்ரீம் தியேட்டர் குழு 1999-இல் வெளியிட்ட ‘த டான்ஸ் ஆஃப் எட்டர்னிட்டி’ ஆறே கால் நிமிட வாத்திய இசை; அதற்குள் தாளம் நூறு முறைக்கு மேல் மாறுகிறது என்று ரசிகர்கள் பெருமையோடு எண்ணிச் சொல்வார்கள். அதன் டிரம்மர் மைக் போர்ட்னாயின் வாசிப்பில் நான் மதிப்பது வேறு. அத்தனை மாற்றங்களுக்கு நடுவிலும் ஓட்டம் அறுபடாமல் இருக்க அவர் எதைப் பிடித்து வைத்திருக்கிறார் என்பதைத்தான். மிருதங்க உலகில் இதற்குச் சர்வலகு என்ற சொல் இருக்கிறது. கணக்கைக் காட்டாமல் காலத்தை மட்டும் ஓடவிடும் இயல்பான நடை அது. பழனி சுப்பிரமணிய பிள்ளையை இன்றும் லயக்காரர்கள் கையெடுத்துக் கும்பிடுவது, சிக்கலான கணக்குகளை அந்தச் சர்வலகு ஓட்டத்துக்குள்ளேயே கரைத்துக் கொடுத்தார் என்பதற்காக. கணக்கு வெளியே துருத்தாமல் இருப்பதே அங்கே தேர்ச்சியின் அடையாளம். மெட்டல் விமர்சனத்தில் இந்தச் சொல்லுக்கு இணை இல்லை. அதனாலேயே அங்கே கணக்குக்கு மட்டும் கைதட்டல் விழுகிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தவில்காரர் அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிக்கிறார்; மெட்டல் டிரம்மர் முன்பே எழுதி மனப்பாடம் செய்ததை வாசிக்கிறார். மனோதர்மம் இல்லாத இடத்தில் லய ஞானத்தைத் தேடலாமா? போதாக்குறைக்கு, மெஷுகாவே 2005-இல் ‘கேட்ச் தர்ட்டித்ரீ’ தொகுப்பு முழுவதற்கும் கணினியில் நிரலாக்கிய டிரம்ஸைப் பயன்படுத்தியது. ஹாக்கே அடித்த ஒலிகளையே பதிவுசெய்து சேமித்து, இயந்திரத்தை வாசிக்க வைத்தார்கள்.

இந்தத் தொகுப்பு என் வாதத்தைக் கெடுக்கவில்லை, கூர்மையாக்குகிறது. கணக்கை இயந்திரம் பிழையில்லாமல் செய்துவிட்டது. அமைப்பை ரசிக்க அது போதும், நானும் ரசிக்கிறேன். ஆனால் மூன்றே ஆண்டுகளில் ‘ப்ளீட்’டை மனித உடலே வாசித்தபோது கூடுதலாகக் கிடைத்தது என்ன? காலின் இழுப்புக்குக் கை மசியாமல் இருக்கும் அந்த விறைப்பு. இயந்திரத்துக்குக் கையும் காலும் இல்லை. ஒன்று மற்றொன்றை இழுக்கும் ஆபத்தும் இல்லை. மனோதர்மம் பற்றிய கேள்விக்கும் இதே வழியில் பதில் சொல்லலாம். கீர்த்தனையும் முன்பே எழுதப்பட்டதுதான். அதற்கு மிருதங்கம் இசைந்து போவதை நாம் ஞானம் என்றுதானே சொல்கிறோம்? எழுதப்பட்டதை ஒவ்வொரு முறையும் விழாமல் நடந்து காட்டுவது கயிற்றில் நடப்பவரின் கலை. கயிறு நேற்றே கட்டப்பட்டது என்பதால் நடை எளிதாகிவிடாது.

இன்னொரு தடை இசைக்குள் இல்லை, சமூகத்தில் இருக்கிறது. மெட்டலை ‘சத்தம்’ என்று ஒரே சொல்லில் ஒதுக்குபவர்கள் நம்மில் நிறைய. அதே சொல்லை நாம் தப்புக்கும் உறுமிக்கும் எவ்வளவு காலமாகச் சொல்லி வந்திருக்கிறோம்! வளைந்த குச்சியால் தோலை உரசி உறுமியை முனக வைப்பதற்கு எத்தனை ஆண்டுப் பழக்கம் வேண்டும் என்று கேட்டவர்கள் குறைவு. வாசிப்பவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பதைப் பார்த்து ஒன்றை ஞானம் என்றும் மற்றொன்றைக் கொட்டு என்றும் பிரித்தோம். மிருதங்கத்தையே எடுத்துக்கொண்டாலும், அதைச் செய்யும் கைகள் பற்றி டி.எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ எழுத 2020 வரை ஆயிற்று. ‘சத்தம்’ என்ற சொல் கேட்காமல் இருப்பதற்கான அனுமதிச் சீட்டு. அதைக் கிழிக்காமல் எந்தத் தாள வாத்தியத்தையும் பாராட்ட முடியாது.

இந்தப் பள்ளத்தாக்குக்கு இது புதிய வேலை இல்லை. இதே உத்தமபாளையம் வட்டத்துப் பண்ணைப்புரத்திலிருந்து போன இளையராஜா, கிராமத்துக் கொட்டையும் டிரம்ஸ் செட்டையும் ஒரே பாட்டில் அருகருகே உட்கார வைத்து, இரண்டில் எது பெரிது என்ற கேள்வியையே எழவிடாமல் செய்தார். மலைக்கு அந்தப் பக்கம் கொச்சியின் மதர்ஜேன் குழு 2008-இல் ‘மக்தூப்’ தொகுப்பில் கேரளத் தாளங்களை ராக் டிரம்ஸுக்குள் கொண்டுவந்தது. வாசித்தவர் ஜான் தாமஸ். 2009-இல் ஸ்வீடனின் ஓபத் குழு சென்னை ஐஐடியின் சாரங் விழாவுக்கே வந்து வாசித்துவிட்டுப் போனது. வாசிப்பு வந்து சேர்ந்துவிட்டது. அதைப் பற்றித் தமிழில் பேசும் சொற்கள்தான் இன்னும் மேடைக்கு வரவில்லை. சர்வலகு, கார்வை, யதி எல்லாம் சபாக்களுக்கு மட்டும் சொந்தமான சொற்கள் அல்ல.

அன்று அந்தத் தவில்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “இன்னொருக்கா போடுங்க தம்பி” என்றார். இம்முறை வலக்கையால் தொடையில் தாளம் போட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலாலும் மண்ணில் தகிட, தகிட என்று மிதித்துப் பார்த்தார். மூன்று சுற்று நின்றது. நான்காவதில் கை காலோடு ஓடிவிட்டது. தலையை ஆட்டிக்கொண்டு நிறுத்தினார். உள்ளே செட்டுக்காரர்கள் அவரைக் கூப்பிட்டார்கள். கையைத் தொடையில் வைத்து அவர் மறுபடி ஆரம்பித்தார்.