கூம்பும் குரலும்: தீவகத்தின் பேரரங்குகளில் ஒலி பரவிய வரலாறு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே கடலிடைக் கிடக்கும் தீவுக் கூட்டத்தைத் தீவகம் என்பது மரபு. ஊர்காவற்றுறையைத் தன்னகத்தே கொண்ட வேலணைத்தீவு, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு முதலியன இதனுள் அடங்கும். இவற்றுட் சில கடல்வழித் தெருக்களாற் குடாநாட்டுடன் பிணைக்கப்பட்டன. நயினாதீவும் நெடுந்தீவும் இன்றும் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகேறிச் செல்லவேண்டிய நிலையின. பனையும் பரவையுமே எல்லையாக அமைந்த இவ்வெளியில், பல்லாயிரவர் கூடும் விழாவில் ஒரு குரலை அனைவர் செவிக்கும் எட்டச் செய்வது எங்ஙனம் என்னும் வினா பழைமையானது. அவ்வினாவிற்குத் தீவகம் கண்ட விடைகளுட் தலையாயது கூம்பு வடிவம். மின்சாரம் வருமுன் நாகசுரமாகவும், வந்தபின் கூம்பு ஒலிபெருக்கியாகவும் அது விளங்கிற்று. இவ்விரண்டையும் ஒரே வரலாற்றின் இரு பகுதிகளாக நோக்குதல் தகும்.

மின்சாரத்திற்கு முற்பட்ட கூம்பு

சங்கும் கொம்பும் எக்காளமும் தாரையும் திறந்த வெளிக்கென்றே தோன்றிய கருவிகள். நாகசுரமும் அவ்வினத்தது. அதன் தலையிலுள்ள சீவாளி மிகச் சிறியது. நாணலாலாகிய அதனைத் தனியே எடுத்து ஊதினால் எழுவது மெல்லிய கீச்சொலியே. அவ்வொலி ஆச்சாமரக் குழலின் உள்ளே சிறிது சிறிதாக விரியும் துளைவழி இறங்கி, அடியிலுள்ள அணசின் அகன்ற வாயால் வெளிப்படும்போது வீதி முழுவதையும் நிறைக்கின்றது. ஊதுவோனின் மூச்சு மனித மூச்சேயன்றி வேறன்று. குழலின் வடிவமே அம்மூச்சை வீணாகாது ஒலியாக்குகின்றது.

நாகசுரத்தில் திமிரி, பாரி என இருவகை உண்டு. திமிரி குட்டையானது, உச்சச் சுருதியினது, தவிலின் முழக்கத்தை ஊடறுத்துத் தொலைவு செல்ல வல்லது. பாரி நீண்டது, தாழ்ந்த சுருதியினது, இனிமை மிக்கது. திருவாவடுதுறை த. ந. இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) பாரி நாகசுரத்தை நிலைநாட்டிய காலமும், ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் தமிழ் மக்களின் அரங்குகளிற் புகுந்த காலமும் ஏறத்தாழ ஒன்றே. தொலைவிற்கு எட்டவேண்டும் என்னும் சுமையைக் கருவி வேறொன்று தாங்கத் தொடங்கியபின், கலைஞன் இனிமையை நாட இடமேற்பட்டது எனக் கருதுதல் பொருந்தும்.

கூத்து மரபிலும் இந்நிலை காணத்தக்கது. விடியும்வரை திறந்த வெளியில் ஆடிப் பாடிய அண்ணாவிமார் தம் தொண்டையையே நம்பினர். ஈழத்து இசைநாடகத்திற் பெரும்புகழ் பெற்ற நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) போன்றாரின் குரல்வளம் இம்மரபிலே பயின்று உரம்பெற்றதாகும்.

மேனாட்டில் கூம்பின் வளர்ச்சி

மேனாட்டாரும் இதே வழியில் வந்தனர். 1877இல் எடிசன் கண்ட ஒலிப்பதிவுப் பொறிக்கும், 1887இல் பெர்லினர் கண்ட கிராமபோனுக்கும் மின்சாரம் துணையன்று. ஊசியின் அதிர்வை ஏற்ற சிறு மென்றகடும் அதன்முன் அமைந்த கூம்புமே அவற்றின் குரலாயின. 1915இல் அமெரிக்காவின் சன் பிரான்சிஸ்கோ நகரில் ஜென்சன், பிரிதாம் என்னும் இருவர் மின்னால் இயங்கும் ஒலிபெருக்கியைக் கூம்புடன் இணைத்துப் பொதுமக்கள் முன் இயக்கிக் காட்டினர். 1919இல் சன்டியேகோ நகரில் அமெரிக்கச் சனாதிபதி வில்சன் ஏறத்தாழ 50,000 மக்களுக்கு இக்கருவி வாயிலாகவே உரையாற்றினார்.

கூம்பின் இயல்பை 1919இல் வெப்ஸ்டர் என்னும் பௌதிக அறிஞர் கணித முறையில் விளக்கினார். அவ்விளக்கத்தின் சாரத்தைத் தீவக மக்கள் வள்ளத்திலிருந்தே உணரலாம். மெல்லிய கம்பினால் நீரைத் தள்ளினால் நீர் விலகிவிடும், வள்ளம் நகராது. துடுப்பின் அகன்ற அலகோ நீரைப் பற்றித் தள்ளுகின்றது. அங்ஙனமே வெறுந்தகடு அசையுமிடத்துக் காற்று எளிதில் விலகிவிடுதலால், தகடு பெற்ற சத்தியிற் சிறுபங்கே ஒலியாகின்றது. ஒடுங்கிய கழுத்தினுள் அடைபட்ட காற்று விலக இடமின்றித் தகட்டின் விசையை முழுதும் ஏற்று, விரியும் கூம்பின்வழி வெளியுலகிற்கு அளிக்கின்றது.

இதன் பயன் பெரிது. கூம்பில்லாத சாதாரண ஒலிபெருக்கி தான் பெறும் மின்சத்தியில் நூற்றில் ஒரு பங்களவையே ஒலியாக்கும். 1920களில் வென்ரே, துராஸ் ஆகியோர் பேசும் படங்களுக்கென அமைத்த கூம்புக் கருவியோ ஏறத்தாழப் பாதியளவை ஒலியாக்க வல்லதாயிருந்தது. அக்காலத்து விரியலாக்கிகள் சில வாற்றுகளையே தந்தன. அச்சிறு சத்தியால் ஆயிரம் இருக்கைகள் கொண்ட படமாளிகையை நிரப்பக் கூம்பன்றி வேறு வழி இருந்திலது. 1945இல் படமாளிகைகளுக்கென வெளிவந்த அல்ரெக் நிறுவனத்தின் பெருங்கூம்புகளும், 1946இல் கிளிப்ஷ் விற்பனைக்குக் கொணர்ந்த மூலைக்கூம்பும் இம்மரபின் தொடர்ச்சியே. பிற்காலத்தில் மலிந்த சத்தியுடைய விரியலாக்கிகள் வந்தமையால் வீட்டுப் பாவனையிற் கூம்புகள் அருகின. எனினும், ஏறத்தாழ 8 வாற்று மட்டும் தரும் பழைய வெற்றிடக்குழாய் விரியலாக்கிகளை விரும்பும் இசைச்சுவைஞர் பெரிய அறைகளுக்கு இன்றும் கூம்பையே தெரிகின்றனர்.

தீவகம் கூம்பைத் தெரிந்தமை

தீவகத்தின் தெரிவும் இதே காரணம் பற்றியது. இங்கு மின்சாரம் எளிதில் வாய்த்த பொருளன்று. குடாநாட்டிலிருந்து செல்லும் மின்கம்பி கடல்கடந்த தீவுகளுக்கு எட்டவில்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியன டீசல் மின்பிறப்பாக்கிகளையே நம்பியிருந்தன. சூரிய ஒளி, காற்று ஆகியவற்றோடு கூடிய கலப்பு மின்னாக்கத்தை இம்மூன்று தீவுகளிலும் நிறுவ இந்திய உதவியுடன் ஒப்பந்தம் செய்யப்பட்டது 2024இலேயே. ஆகவே மின்கலத்தாலோ, படகில் ஏற்றிவந்த சிறு மின்பிறப்பாக்கியாலோ ஓர் இரவுத் திருவிழாவை நடத்தவேண்டிய இடத்தில் ஒவ்வொரு வாற்றும் மதிப்புடையதாயிற்று.

கணக்கொன்று இதனைத் தெளிவாக்கும். ஒரு வாற்றுச் சத்தி பெற்றுச் சாதாரண ஒலிபெருக்கி ஒரு மீற்றர் தொலைவில் 85 டெசிபெல் ஒலி தருமாயின், நல்ல கூம்பு 105 டெசிபெல் தரும். இவ்வேறுபாடு 20 டெசிபெல்; அஃதாவது நூறு மடங்கு. கூம்பு ஒரு வாற்றிற் செய்வதை மற்றையது செய்ய 100 வாற்று வேண்டும். திறந்த வெளியில் தொலைவு இருமடங்காகுந்தோறும் ஒலி 6 டெசிபெல் குறையும். எனவே 64 மீற்றரில் கூம்பின் ஒலி 69 டெசிபெல் ஆகும். அருகிருந்து பேசுவோரின் உரையாடலினும் சற்று உரத்தது. கூம்பில்லாதது அதே இடத்தில் 49 டெசிபெல்லாய்த் தேய்ந்து மக்களின் இரைச்சலுள் மறையும்.

தெரிவின் நெறிகள்

ஆயினும் எல்லாக் கூம்பும் எல்லா இடத்திற்கும் ஏற்றனவல்ல. கூம்பின் வாய்ச்சுற்றளவு ஒலியின் அலைநீளத்தை ஒத்திருந்தாலன்றி அவ்வொலி செவ்வனே வெளிப்படாது என்பது விதி. 300 என்னும் மீடிறனுடைய ஒலிக்கு அலைநீளம் ஏறத்தாழ 1.15 மீற்றர், அதற்குக் குறுக்களவு 37 சதமமீற்றர் உள்ள வாய் போதும். 50 மீடிறனுக்கோ அலைநீளம் ஏறத்தாழ 7 மீற்றர். வாயின் குறுக்களவு இரண்டு மீற்றருக்கு மேற்படும். பனையிற் கட்டப்படும் சிறு கூம்பிற் பேச்சும் நாகசுரமும் தெளிவாய்க் கேட்ப, தவிலின் தொப்பி முழக்கம் மெலிந்து போவது இதனாலேயே. முழு இசையையும் கேட்க விரும்பும் மண்டபத்திற்குப் பெருங்கூம்பு வேண்டும். அன்றேல் அறையின் மூலைச் சுவர்களையே கூம்பின் நீட்சியாகக் கொள்ளும் மூலைக்கூம்பு வேண்டும்.

மண்டபத்துள் வேறோர் இடர் உண்டு. 1895 முதல் ஹார்வாட் பல்கலைக்கழகத்தில் சபைன் நடத்திய ஆய்வுகள், ஓசை நின்ற பின்னும் சுவர்களிற் பட்டுத் தொடரும் முழக்கமே பேச்சைக் குழப்புவது என நிறுவின. கருங்கற்றூண்களும் சீமெந்துச் சுவர்களும் உடைய மண்டபங்களில் இம்முழக்கம் நெடிது நிற்கும். கூம்பின் இரண்டாவது நற்பண்பு இங்கே வெளிப்படுகின்றது. அது ஒலியை எல்லாத் திசையிலும் இறைக்காது ஒரு திசையிற் செலுத்துவது. கேட்போர் அமர்ந்திருக்கும் பக்கமாக அதனைச் சற்றே கீழ்நோக்கித் திருப்பினால், நேரே வரும் ஒலி மிகுந்து சுவரொலி குறையும், சொல் தெளியும்.

திறந்த வீதியில் கூம்புகளை எட்ட எட்ட நிறுத்துதலும் ஆராய்ந்து செய்யவேண்டியது. ஒலி ஒரு செக்கனில் ஏறத்தாழ 340 மீற்றரே செல்லும். ஒருவர் செவிக்கு ஒரு கூம்பு மற்றதைவிட 34 மீற்றர் தொலைவிலிருப்பின், அதன் ஒலி பத்திலொரு செக்கன் பிந்தி வரும். ஒரு சொல் இருமுறை ஒலிக்க, அடுத்த சொல் அதனுள் அமிழும். தேவாரத்தின் சொற்கள் இவ்வாறு ஒன்றன்மேலொன்று வீழ்தல் ஓதுவார் குற்றமன்று; கூம்புகளை நிறுத்தியவர் குற்றம்.

காற்றையும் எண்ணவேண்டும். நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆலய மகோற்சவம் ஆனி மாதத்தில் நிகழ்வது. அது சோளகக் காற்றின் காலம். நிலத்தையடுத்து மெதுவாகவும் உயரத்தில் விரைவாகவும் வீசும் காற்று, தான் செல்லும் திசையில் ஒலியை நிலம்நோக்கி வளைக்கும். எதிர்த்திசையில் வான்நோக்கி வளைக்கும். ஆதலின் தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் நாளில் கிழக்கும் வடகிழக்குமாக ஒலி நெடுந்தூரம் படரும். காற்றுக்கு எதிரான பக்கத்தில் நிற்போர்க்கு ஒலி எட்டவில்லையெனச் சத்தியைக் கூட்டுதல் மற்றப் பக்கத்தாரை வருத்துமேயன்றிப் பயன் தராது.

மிகையும் வரம்பும்

1990, 1991ஆம் ஆண்டுகளின் போர்ச்சூழலில் தீவகத்து மக்களிற் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். குடாநாட்டிலும் 1990 முதல் மின்சாரம் பல ஆண்டுகள் அற்றுப்போக, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டது அத்தலைமுறையின் அனுபவம். சிறுசத்தியின் அருமையை அதனினும் தெளிவாக உணர்த்திய காலம் பிறிதில்லை. பின்னர் மக்கள் மீண்டனர்; விழாக்கள் மீண்டன; மின்பிறப்பாக்கிகளும் பெரியனவாயின. சத்தி பெருகியபோது, சத்தி குறைந்த காலத்துக்கென அமைந்த கூம்பின் அறம் மறக்கப்பட்டது. ஒன்று போதுமான இடத்திற் பத்து நிறுத்தப்படுமாயின், சிறு மென்றகடு தாங்கும் அளவைக் கடந்து செலுத்தப்படுமாயின், எழுவது இசையன்று, கரகரப்பே.

2007இல் இலங்கை உயர் நீதிமன்றம், வணக்கத்தலமொன்றின் ஒலிபெருக்கி தொடர்பான வழக்கில், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிப் பாவனையைக் கட்டுப்படுத்திக் கட்டளையிட்டது. எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவான அக்கட்டளையின் உட்கருத்து, கேட்க விரும்பாதவனைக் கேட்குமாறு வலிந்து செய்ய எவர்க்கும் உரிமையில்லை என்பதாகும். அம்மன் ஆலயமும் நாகவிகாரையும் ஒரே சிறுதீவில் அயலயலாக விளங்கும் நயினாதீவில் இக்கருத்து சட்டத்தளவில் நில்லாது அயலறமாகவும் கொள்ளத்தக்கது.

இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றே. கூம்பு ஆரவாரத்திற்காகப் பிறந்ததன்று. குறைந்ததைக் கொண்டு நிறைந்ததைச் செய்யும் சிக்கனத்திற்காகப் பிறந்தது. சீவாளியின் மெல்லொலியை வீதி நிறைய ஆக்கிய நாகசுரக்காரனும், சில வாற்றுகளாற் படமாளிகையை நிரப்பிய பொறியியலாளனும், மின்கலமொன்றால் இரவுத் திருவிழாவை நடத்திய தீவகத்தானும் ஒரே நெறியினர். இனி ஆலய வீதிக்கோ பாடசாலை மண்டபத்திற்கோ ஒலிபெருக்கி தெரிவோர், எத்தனை வாற்று என வினவுமுன், கேட்போர் எங்கிருக்கின்றனர், காற்று எப்பக்கம், சுவர் எத்தன்மைத்து, அயலில் உறங்குவோர் யாவர் என வினவுவாராக. அவ்வினாக்களுக்கு விடை கண்டபின் வேண்டப்படும் கூம்புகள் சிலவே; அவற்றுக்கு வேண்டும் சத்தியும் சிறிதே.