கணக்கில் வராத திமிங்கலங்கள்

1966 நவம்பரில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் அரபிக்கடலில் 238 கூன்முதுகுத் திமிங்கலங்களைக் கொன்றன. ஓமன், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்குக் கரை ஆகியவற்றை ஒட்டிய கடலில் நடந்தது இது. முந்தைய ஆண்டில் நான்கு. ஆக மொத்தம் 242. சர்வதேசத் திமிங்கல வேட்டை ஆணையத்துக்கு அனுப்பப்பட்ட கணக்கில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. காகிதத்தில் அந்த நவம்பரில் அரபிக்கடலில் எதுவுமே நடக்கவில்லை.

நான் களமருதூர்க்காரன். எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் தெரிவது கல்வராயன் மலைதான், கடல் இல்லை. ஆனால் மென்பொருள் வேலையில் பத்து வருடத்துக்கு மேல் கழித்தவன் என்பதால் பொய்யான தரவு எப்படிப் பிறக்கிறது என்பதில் எனக்கு ஒரு தொழில்முறை ஆர்வம் உண்டு. இந்த 242 திமிங்கலங்களின் கதை என்னைப் பிடித்துக்கொண்டது அதனால்தான்.

ஒடெசாவிலிருந்து கிளம்பும் சோவியத் கப்பல்கள் சூயஸ் வழியாக அண்டார்டிக் கடலுக்குப் போகும். நடுவில் ஒரு தொழிற்சாலைக் கப்பல், சுற்றிலும் சிறிய வேட்டைப் படகுகள். போகிற வழியில் இருப்பது அரபிக்கடல். அங்கே தொழிற்சாலைக் கப்பலை வைத்துக்கொண்டு இவ்வகைத் திமிங்கலங்களை வேட்டையாடக் கூடாது என்பது ஆணையத்தின் விதி. அந்த விதிக்குச் சோவியத் யூனியனும் கையெழுத்திட்டிருந்தது.

பிறகு ஏன் கொன்றார்கள்? சோவியத் மக்கள் திமிங்கல இறைச்சியை விரும்பிச் சாப்பிட்டவர்கள் அல்லர். பல திமிங்கலங்களில் கொழுப்பை மட்டும் உரித்தெடுத்துவிட்டு மீதியைக் கடலிலேயே தள்ளியிருக்கிறார்கள். காரணம் எளியது: திட்ட இலக்கு. இலக்கைத் தாண்டினால் போனஸ், பதக்கம். அடுத்த வருடம் இலக்கு இன்னும் கூடும். திமிங்கலம் குறையக் குறைய இலக்கு மட்டும் ஏறிக்கொண்டே போகும். ஐடி வேலையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மாதத்துக்கு இத்தனை டிக்கெட் மூடணும்னு சொன்னா டிக்கெட் மூடப்படும். கோளாறு அப்படியே இருக்கும்.

*

வேட்டைக் கப்பல்களில் உயிரியலாளர்களும் இருந்தார்கள். ஒவ்வொரு உடலையும் அளந்து, வயிற்றைக் கிழித்துப் பார்த்து, கருவை அளந்து எழுதி வைப்பது அவர்கள் வேலை. அதனால் இரண்டு பேரேடுகள் உருவாயின. ஒன்று ஆணையத்துக்கு அனுப்புகிற பொய்ப் பேரேடு. மற்றது ‘ரகசியம்’ என்று முத்திரை குத்திப் பூட்டி வைத்த உண்மைப் பேரேடு.

இரண்டுக்குமான இடைவெளி தெரியவேண்டும் என்றால் தென்கோளத்துக் கூன்முதுகுத் திமிங்கலங்களின் கணக்கைப் பாருங்கள். சோவியத் யூனியன் கொன்றதாகச் சொன்னது 2,710. உண்மையில் கொன்றது 48,000க்கும் மேல். 1960களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து கரைகளில் இவை திடீரெனக் காணாமல் போனபோது அறிவியலாளர்கள் குழம்பினார்கள். அவர்கள் கையில் இருந்த எண்களை வைத்துப் பார்த்தால் அந்தச் சரிவுக்கு விளக்கமே கிடைக்கவில்லை. பொய்த் தரவு குற்றத்தை மறைத்ததோடு நிற்கவில்லை, காப்பாற்ற நினைத்தவர்களின் கணக்கையும் கெடுத்தது.

சோவியத் யூனியன் உடைந்தபிறகு, 1993இல், எல்ட்சினின் ஆலோசகராக இருந்த அலெக்சி யப்லோகோவ் என்ற உயிரியலாளர் உண்மையை வெளியே சொன்னார். பழைய கப்பல் உயிரியலாளர்கள் ஒவ்வொருவராக முன்வந்தார்கள். திமித்ரி தொர்மோசோவ் என்பவர் அழிக்கப்பட வேண்டிய அறிக்கைகளைத் தன் உருளைக்கிழங்குக் கிடங்கில் ஒளித்து வைத்திருந்தார். உலகம் முழுக்கச் சோவியத் கப்பல்கள் கணக்கில் காட்டாமல் கொன்றவை சுமார் 1,80,000 என்று பிறகு தெரியவந்தது.

அரபிக்கடல் பேரேட்டை வெளியிட்டவர் அதே வேட்டைக் கப்பல்களில் பணியாற்றிய யூரி மிகலேவ். 1997இல் வந்த அவருடைய கட்டுரையில்தான் ஒரு பெரிய விஷயம் இருந்தது. தென்கோளத்துத் திமிங்கலங்கள் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் குட்டி போடும். எனவே நவம்பரில் அவற்றின் கரு மிகச் சிறியதாக இருக்கவேண்டும். வடகோளத்தில் பிரசவம் ஆண்டின் தொடக்கத்தில், ஆகவே நவம்பரில் கரு கிட்டத்தட்ட முழு வளர்ச்சி அடைந்திருக்கும். அரபிக்கடலில் கொல்லப்பட்டவற்றின் கருக்கள் வடகோளத்துக் கணக்கோடு பொருந்தின. அதாவது இவை அண்டார்டிக்கிலிருந்து வந்த விருந்தாளிகள் அல்ல. இரைப்பையில் மீனும் கூனிப்பொடி போன்ற கிரில்லும் இருந்தன. மற்ற கூன்முதுகுத் திமிங்கலங்கள் துருவக் கடலில் தின்று, வெப்பக் கடலில் குட்டி போட்டு, வருடாவருடம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அலைபவை. இவை அலையாமல் ஒரே கடலில் தின்று, பாடி, ஈன்று வாழ்பவை.

இந்த இனக்குழுவைப் பற்றிய முதல் தெளிவான அறிவு, கொல்லப்பட்ட தாய்களின் வயிற்றிலிருந்து வந்தது. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

*

வெப்பக் கடலில் வருடம் முழுக்க எப்படிச் சாப்பாடு கிடைக்கிறது? பதில் பருவக்காற்று. வடக்கே நிலம் அடைத்துக்கொண்டிருப்பதால் அரபிக்கடலிலிருந்து துருவத்துக்குப் போக வழி இல்லை. ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று ஓமன் கரையோரம் மேல்நீரைத் தள்ளிவிட, அடியிலிருந்து சத்து நிறைந்த குளிர்ந்த நீர் மேலே வருகிறது. கேரளக் கரையிலும் இது நடக்கிறது. நுண்பாசி பெருகி, மத்தி பெருகுகிறது. ஆடி மாதத்தில் கல்வராயன் மலைக்கு மேகத்தைக் கொண்டுவரும் அதே காற்றுதான் இந்தத் திமிங்கலங்களுக்குச் சோறு போடுகிறது.

மரபணு ஆய்வுகளின்படி இவை மற்ற கூன்முதுகுத் திமிங்கலங்களிலிருந்து சுமார் 70,000 ஆண்டுகளாகப் பிரிந்து வாழ்பவை. வால் துடுப்பின் அடிப்பக்கத்தில் இருக்கும் கறுப்பு வெள்ளைக் கோலம் நம் கைரேகை மாதிரி, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. ஓமன் கடலில் 2000 முதல் 2004 வரை எடுத்த வால் படங்களை ஒப்பிட்டுப் போட்ட மதிப்பீடு: சுமார் 82. கூட்டிக் குறைத்துச் சொன்னால் 60க்கும் 111க்கும் இடையில். ஒரு கல்யாண மண்டபத்தில் முதல் பந்திக்கு உட்காருபவர்கள் அதைவிட அதிகம். படங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றின் வால் அடியில் வலைக்கயிறு அறுத்த தழும்பு இருந்தது.

உலக அளவில் இந்தத் திமிங்கலம் மீண்டுவிட்டது, இப்போது கவலைக்குரிய பட்டியலில் அது இல்லை. அரபிக்கடல் குழுவை மட்டும் 2008இல் தனியாக ‘அருகிவரும்’ நிலையில் வைத்தது ஐயுசிஎன். சராசரி எண் நல்லா இருக்குங்கிறதால எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்லை.

*

2017 இறுதியில் ஓமனில் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட லுபான் என்ற பெண் திமிங்கலம் அரபிக்கடலைக் குறுக்கே கடந்து இந்தியக் கரைக்கு வந்தது. லுபான் என்றால் அரபியில் சாம்பிராணி வகைப் பிசின். அதன் வாலில் அந்த மரம் போல ஒரு கோலம் உண்டு. கோவாவிலிருந்து தெற்கே இந்தியாவின் தென்முனை வரை நீந்திவிட்டு ஓமனுக்குத் திரும்பியது. அதற்கு முன்பே, 2015இல், சென்னையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள் தென்கிழக்கு அரபிக்கடலில் கூன்முதுகுத் திமிங்கலங்களின் ஒலியைப் பதிவுசெய்து ஆராய்ந்து, அது இனப்பெருக்க இடமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். பாடுபவை ஆண்கள். ஆக, நம் பக்கமும் இவற்றின் வீடுதான்.

சட்டம் இருக்கிறது. 1979இல் இந்தியப் பெருங்கடல் திமிங்கலச் சரணாலயம் ஆனது. நம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் திமிங்கலங்கள் இருக்கின்றன. 2018இல் மத்திய அரசு அரபிக்கடல் கூன்முதுகுத் திமிங்கலத்தைத் தன் மீட்புத் திட்டத்தில் சேர்த்தது. குறைவது பேரேடு. கரையில் ஒதுங்கியவை, படகுக்காரர் கண்டவை என்று சேர்க்கும் பொதுத் தரவுத்தளம் இந்தியாவில் இருக்கிறது. ஆனால் கடலில் நடப்பதை முதலில் பார்ப்பவர் மீனவர். வலையில் திமிங்கலம் மாட்டிச் செத்தால் அவர் ஏன் சொல்லப்போகிறார்? சொன்னால் வழக்கு வருமோ என்ற பயம், அறுந்த வலைக்கு நஷ்டம். சொல்லாவிட்டால் ஒன்றுமில்லை. உண்மையை எழுதுபவருக்கு நஷ்டம் வருகிற ஏற்பாட்டில் பொய்ப் பேரேடுதான் பிறக்கும். 1966லும் அதுதான் நடந்தது. அன்று ஆசை எழுத வைத்த பொய்க் கணக்கை இன்று பயம் எழுத வைக்கும்.

இதை மாற்றலாம் என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. குஜராத்தில் 2004இல் தொடங்கிய முயற்சியில், வலையில் சிக்கிய திமிங்கலச் சுறாவை வலையை அறுத்து விட்டுவிடும் மீனவருக்கு வனத்துறை வலைக்கு இழப்பீடு தருகிறது. பிறகு மீனவர் கையிலேயே கேமரா கொடுத்தார்கள். அவர் எடுக்கும் படம்தான் அத்தாட்சி. முன்பு அந்தச் சுறாவை வேட்டையாடிய கரையில், இன்று அதை விடுவிப்பவர்களும் பதிவுசெய்பவர்களும் மீனவர்களே. சுறாவுக்குச் செய்ததைத் திமிங்கலத்துக்கும் செய்யலாம். கேரளக் கரையிலும் குமரிக் கரையிலும் ஒரு மீனவர் பயமில்லாமல் எடுத்து அனுப்பும் ஒவ்வொரு வால் படமும் பட்டியலில் ஒரு வரி. 82 பேர் இருக்கும் குடும்பத்தில் ஒரு வரி சின்ன விஷயம் இல்லை.