மாயாவி கட்சியும் ஜீனோ கட்சியும்

திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் ஒரே மாவட்டந்தான். ஆனா ரயிலில் போகணும்னா பேசின்பிரிட்ஜில் வண்டி மாறணும். சிப்காட் வேலைக்குப் போன நம்மவர் பலருக்கும் அந்தப் பயணமே வாசகசாலை.

நமக்கு முந்தியவர்கள் 1947-இல் தொடங்கிய அம்புலிமாமாவில் வேதாளத்தோடு வளர்ந்தார்கள். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. முதல் இதழே இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும். (எலெக்ட்ரிக்கல் பிரிவு நண்பர்கள் பரிசோதிக்காமல் விட்டது நாம் செய்த புண்ணியம்!)

எண்பதுகளில் ஆனந்த விகடனில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ வந்தது. எழுதியவர் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் பொறியாளர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கு கொண்டவர். அதனாலேயே ஜீனோ என்ற இயந்திர நாய் பேசியதை நம்பினோம்.

நான் ஜீனோ கட்சி. அறைத்தோழன் மாயாவி கட்சி. “மெஷினே யோசிச்சா நம்ம பொழப்பு என்னடா ஆகும்?” என்று அவன்தான் கேட்டான். நான் சிரித்தேன்.

கதை நடக்கும் 2021-உம் கடந்துவிட்டது. எங்கள் ஷெட்டில் இப்போது வெல்டிங் வைப்பது ரோபோ கை. அந்த இடத்தில் நின்ற மூன்று பேரை வேறு பிரிவுக்கு மாற்றிய தாளில் கையெழுத்துப் போட்டவன் நான்.

அன்றிரவு, தொடரைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த பிரதியைத் தேடினேன், காணோம். அவன்கிட்டதான் இருக்கணும். சந்திப்புக்கு வரும்போது எடுத்து வாடா!